வேலைக்குப் போகாத ஆர்.என்.ஏ.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கேட்பவர்கள் நல்லவர்கள்தான். பதில்தான் நீளம். சொல்லி முடிக்கும் முன்னே அவர்களுடைய பஸ் வந்துவிடும். அதனால் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. மூன்றாம் மாடி அங்கிள் நான் உரக் கொம்பனியில் இருப்பதாக நம்புகிறார். மூலைக்கடைக்காரர் என்னை 'கௌப்பி மிஸ்' என்று கூப்பிடுகிறார். வேறு யாரும் கௌப்பி விதையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்குவதில்லை என்பது அவருடைய முறைப்பாடு.

விளங்கிக்கொண்டவர் அம்மா ஒருவர்தான். அதுவும் தேங்காய் துருவிக்கொண்டே.

அன்றைக்கு நான் குசினி மேசையில் இருந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். "அப்பிடி என்னதான் அந்தச் செடிக்குள்ள தேடுறாய்?" என்று அம்மா கேட்டார். சொன்னேன். ஆர்.என்.ஏ. என்று ஒன்று இருக்கிறது, அது சமையல் குறிப்பைக் காவிக்கொண்டு போகும், அதைப் பார்த்து உயிர்க்கலத்துக்குள் புரதம் சமைக்கப்படும். எங்களுக்குப் பள்ளியில் படிப்பித்தது அவ்வளவுதான். ஆனால் எந்தப் புரதத்தையும் சமைக்காத ஆர்.என்.ஏ.யும் உண்டு. புத்தகத் தமிழில் அதற்குக் குறியாக்கம் செய்யாத ஆர்.என்.ஏ. என்று பெயர்.

"அப்ப அது வேலைக்குப் போறேல்லை" என்றார் அம்மா.

"போறேல்லைத்தான். ஆனா எதைச் சமைக்கலாம், எதைச் சமைக்கக் கூடாது எண்டு அதுதான் அதிகாரம் பண்ணும்."

"ஒரு வெங்காயமும் உரிக்காது. குசினிக் கதவடியில நிண்டுகொண்டு உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டு நிக்கும். அப்பிடித்தானே?"

"ஓம்."

"உன்ர பெரியம்மா."

பெரியம்மா என்பது அம்மாவின் அக்கா. கொட்டாஞ்சேனையில், அவர்கள் இருவரும் பிறந்து வளர்ந்த அதே ஒழுங்கையில் இப்போதும் இருக்கிறார். பல வருடம் விரிவுரைகளில் கேட்டும் எனக்குள் இறங்காத ஒன்று அந்த ஒரு சொல்லில் இறங்கியது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வேலைக்குப் போகாத ஆர்.என்.ஏ. என்றே பெயர்.

என்னுடையது அதிலும் மிகச் சின்ன வகை. கௌப்பி, பயறு மாதிரியான செடிகளின் வேரில் மிளகளவு கட்டிகள் இருக்கும். மண்ணில் உள்ள பக்டீரியா உள்ளே வந்து குடியிருக்கும் அறைகள் அவை. பக்டீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும், செடி அதற்குச் சீனி கொடுக்கும். கட்டி கூடிப்போனால் சீனி எல்லாம் அதற்கே போய்ச் செடி நலிந்துவிடும். அதனால் வேரில் ஒரு காவற்காரன் இருக்கிறான், ஒரு கட்டியையும் வரவிடமாட்டான். இலையில் உண்டாகிற இந்தச் சின்ன ஆர்.என்.ஏ. சாற்றோடு வேருக்கு இறங்கி அந்தக் காவற்காரனின் வாயை அடைத்து வைக்கும், கட்டி வரும். போதுமான அளவு வந்ததும் வேர் இலைக்குச் சொல்லி அனுப்பும். இலை சின்ன ஆர்.என்.ஏ.யை அனுப்புவதை நிறுத்திவிடும். காவற்காரன் மறுபடி எழும்பிவிடுவான்.

"விருந்தாள் காணுமெண்டா கதவைச் சாத்துறது. கெட்டிக்காரச் செடி" என்றார் அம்மா.

எனக்கும் அந்தச் செடியின் புத்தியில் பெரிய மரியாதை. என் ஆய்வு, அந்தச் சின்ன ஆர்.என்.ஏ.யைக் கட்டிப்போட்டுவிட்டுப் பார்ப்பது. கட்டிப்போட்டால் காவற்காரன் முழித்திருப்பான், வேரில் ஒரு கட்டியும் வரக் கூடாது. வந்தால் நான் இவ்வளவு காலமும் சொல்லிவந்தது பிழை.

இந்தக் கட்டிக்குச் சிறுகணு என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. க.பொ.த. உயர்தரம் வரை அதைத்தான் எழுதினேன். ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்த நாளோடு அது வாயைவிட்டுப் போய்விட்டது. சிங்களத்தில் கதைத்தாலும் தமிழில் கதைத்தாலும் எல்லாருக்கும் அது 'நொடியூல்'. நான் மட்டும் ஒழுங்காகச் சிறுகணு என்று சொல்லியிருந்தால் இனி எழுதப்போகிற எதுவும் நடந்திருக்காது. ஆனால் நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, என் சோம்பல் நாக்குக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

ஒரு காலை. பாணும் சம்பலும் மேசையில் இருந்தன. என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற தெஹிவளைத் தங்கச்சி ஒருத்தி, எனக்கு முன்னே போய்ச் செடிகளைப் பிடுங்கிப் பார்க்கிறவள், தொலைபேசி எடுத்தாள். கட்டிப்போட்ட செடியில் கட்டி வந்திருக்கிறதாம்.

எனக்குச் சன்னதம் வந்துவிட்டது. எனக்கு அது அடிக்கடி வரும். குரலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"நொடியூலா? வடிவாப் பாத்தனீரா? எவ்வளவு பெரிசு? இதை ஏன் இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்லை? இனி என்ன, வெட்டித்தான் பாக்கவேணும். உள்ளுக்குச் சிவப்பெண்டா முடிஞ்சுது கதை. இல்லை, அம்மாட்டை நான் இப்ப ஒண்டும் சொல்லப் போறேல்லை, அவ சும்மா யோசிப்பா."

கடைசி வரி, அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வரச் சொல்லி அவள் கேட்டதற்குப் பதில். விஷயம் தெரிந்தால் நான் சாப்பிடாமல் ஓடுகிறேனே என்று அம்மா கவலைப்படுவாரே என்பதுதான் என் நினைப்பு. பாணைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். அம்மா குசினி வாசலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. கையில் தேத்தண்ணிக் கோப்பை. முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆய்வுகூடத்தில் வேரைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் குனிந்திருந்தோம். கட்டி இருந்தது. சந்தேகமே இல்லை, நன்றாகக் கொழுத்த கட்டி. ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். ஒரு செடியில் எல்லா வேரும் நாங்கள் மாற்றியமைத்த வேர் அல்ல. இடைக்கிடை பழைய வேரும் முளைத்துவிடும். மாற்றிய வேர் நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும், பழையது ஒளிராது. ஆனால் அந்த வெளிச்சம் உள்ள நுணுக்குக்காட்டி பல்கலைக்கழகத்தின் வேறொரு பீடத்தில் இருந்தது. முறை வைத்துத்தான் தருவார்கள்.

அந்த நேரத்தில்தான் பெரியம்மாவின் அழைப்பு வந்தது. பெரியம்மா எனக்கு எடுப்பது நத்தார் பண்டிகைக்கும் பெரிய வெள்ளிக்கும்தான்.

"பிள்ளை, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு. கொம்மா இஞ்ச வந்து என்னோட சண்டை. கேட்டுக்கொண்டுதான் நிக்கிறா. கொம்மாட கழுத்தில இருக்கிற நொடியூலைப் பத்தி நான் உனக்கு எப்பவாவது வாய் திறந்தனானா? அந்தோனியார் மேல ஆணையாச் சொல்லு."

"இல்லை" என்றேன்.

"கேட்டியோ? இல்லையாம்! நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை!"

பின்னால் கொட்டாஞ்சேனைத் தெருவில் மீன்காரனின் சத்தம் மட்டும் கேட்டது. இரகசியத்தைக் காப்பாற்றினேன் என்று நிரூபிக்கப் போய் அதை முழுசாகப் போட்டு உடைத்துவிட்டோம் என்பது பெரியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"பெரியம்மா, அம்மாட கழுத்தில என்ன?"

"ஐயோ ஆண்டவரே" என்றார் பெரியம்மா. தொலைபேசி வைக்கப்பட்டது.

தங்கச்சி என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி வைத்தாள். "போங்க அக்கா, வேரை நான் பாக்குறன்" என்றாள். ஓட்டோ பிடித்தேன். எனக்கு அன்றைக்கு வந்த பயத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அப்பா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா இல்லாத வீட்டை நான் ஒருநாளும் கற்பனை பண்ணியதில்லை. அந்த ஓட்டோவில் முதன்முதலாக அது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, குசினி லைட்டு போடாமல். துறைமுகத்துக்குப் போகிற கொன்டெய்னர் லொறிகளுக்குப் பின்னால் ஓட்டோ நின்று நின்று போனது. ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அடன்ன எபா நங்கி" என்றார். அழாதே தங்கச்சி என்று அவர் சொன்ன பிறகுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பெரியம்மா வீட்டில் சகோதரிகள் இருவரும் ஆளுக்கொரு கதிரையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். அம்மா கைப்பையை மடியில் வைத்திருந்தார். சண்டை பிடிக்க வந்தவர் நல்ல சேலை உடுத்துத்தான் வந்திருந்தார்.

என்னைக் கண்டதும் அம்மா முந்திக்கொண்டார். "எல்லாம் தெரிஞ்சும் ஒண்டும் தெரியாத மாதிரி பாண் சாப்பிட்டாய். டொக்டரோட கதைச்சதை நான் கேட்டனான். முடிஞ்சுது கதை எண்டு சொன்னாய். அம்மாட்டைச் சொல்லப் போறேல்லை எண்டும் சொன்னாய்."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கத்தினேன். "அது கௌப்பி அம்மா! கௌப்பி! கௌப்பி வேரில நொடியூல்!"

பெரியம்மா மெல்லக் கேட்டார், "கௌப்பிக்கும் நொடியூல் வருமா?"

அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். முதலில் சிரித்தது அம்மா. சிரித்துக்கொண்டே கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார், சேலைத் தலைப்பால் மூடினார். அந்தக் கையைப் பிடித்து விலக்கிப் பார்த்தேன். சங்கிலிக்குக் கீழே, ஒரு பக்கமாக, தெரிந்தும் தெரியாமலும் ஒரு வீக்கம். தினமும் பார்க்கிற கழுத்து. நுணுக்குக்காட்டிக்குக் கீழே மயிரளவு வேரைப் பிரித்துப் பார்க்கிற என் கண்ணுக்கு அது படவேயில்லை.

கதையைப் பெரியம்மா சொன்னார். அந்தோனியார் திருநாளுக்கு அம்மா இங்கே வந்தபோது அவருடைய சங்கிலிக் கொளுவியைப் பூட்டிவிட்டாராம், விரலில் தட்டுப்பட்டதாம். இருவருமாகப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். தைரொயிட்டில் நொடியூல் என்றார்கள், ஊசி குத்திப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஊசியை அம்மா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்லக் கூடாது என்று பெரியம்மாவிடம் சத்தியமும் வாங்கியிருந்தார்.

"ஏன் அம்மா?" என்றேன்.

"சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் நினைச்சனான். நீ வீட்டுக்கு வந்து செருப்புக் கழட்ட முதலே கட்டி வந்திட்டுது, கட்டி வரேல்லை எண்டு நிப்பாய். உன்ர கட்டியளே உனக்குக் காணும் எண்டு விட்டிட்டன்."

இலை செய்வதும் அதைத்தான். வேருக்குக் காணும் என்று கண்டால் கீழே அனுப்புவதை நிறுத்திவிடும். கௌப்பியில் நான் வருடக்கணக்காக மெச்சிய புத்தி, அம்மாவிடம் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

"செடிக்கு அது சரி" என்று சத்தம் போட்டேன். "உங்களுக்குச் சரிவராது. நாளைக்கே ஊசி."

அம்மா எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டார். பெரியம்மா குசினிக் கதவடியில் நின்று, சாயம் காணாது, சீனி கொஞ்சம் போடு, அந்தக் கோப்பை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெடித்துச் சிரித்தோம். எதற்கென்று பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை.

நாளைக்கே என்று சொன்னேனே தவிர, ஊசிக்கு நாள் கிடைக்கக் கொஞ்சம் பிந்தியது. முடிவுக்கு அதைவிடப் பிந்தியது. செவ்வாய்க்கிழமைகளில் பெரியம்மா அந்தோனியார் கோயிலுக்குப் போனார். வேண்டுதலா மிரட்டலா என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போனேன், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. வேர்க்கட்டியைச் சவர அலகால் பிளந்து பார்ப்பது என் அன்றாட வேலை. உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உயிரோடு உழைக்கிற கட்டி, செடிக்கு நல்லது. அந்த நாட்களில் அலகை எடுத்து எடுத்து வைத்துவிடுவேன். தங்கச்சி ஒன்றும் கேட்காமல் என் தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முடிவு சொன்ன டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். ஆபத்தான கட்டி இல்லை, இரத்தப் பரிசோதனையும் சரி, வெட்டத் தேவையில்லை, இடைக்கிடை வந்து ஸ்கேன் எடுத்துக் காட்டினால் காணும் என்றார். அது ஹோர்மோன் ஒன்றும் சுரக்கவில்லை என்பதை அம்மாவுக்கு விளங்கச் சொல்ல நினைத்து, "மேக வெட கரன்னே நே, அம்மே. பய வென்ன எபா" என்றார்.

இது வேலை செய்வதில்லை, பயப்படவேண்டாம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த அம்மாவுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அம்மாவின் முகம் தெளியவில்லை. என் பக்கம் சாய்ந்து தமிழில் கிசுகிசுத்தார்.

"வேலைக்குப் போகாததாம் பிள்ளை."

"ஓம் அம்மா, நல்லதுதானே."

"என்ன நல்லது? வேலைக்குப் போகாததுதானே எல்லாத்தையும் ஆட்டிவைக்கிறது எண்டு நீ சொன்னனி?"

நான் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாகவும் இல்லை. டொக்டர் பயந்துபோய்த் தண்ணீர் தந்தார். "இது அந்தச் சாதி இல்லை அம்மா" என்றேன், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இது உண்மையாவே சும்மா இருக்கிறது. கந்தோரில கதிரையில கோட்டைப் போட்டிட்டு வெளிக்கிட்டுப் போற ஆக்கள் மாதிரி."

"அப்ப சரி" என்றார் அம்மா. அதற்குப் பிறகுதான் டொக்டரைப் பார்த்துச் சிரித்தார், கையைப் பிடித்து ஆசீர்வாதமும் செய்தார்.

வெளியே வந்ததும், "பலூடா குடிப்பம்" என்றார். கழுத்தில் கட்டி தட்டுப்பட்ட நாளிலிருந்து, குளிரானது குடித்தால் அது வீங்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக் குளிரான எதையும் வாயில் வைக்கவில்லையாம். அதையும் எனக்குச் சொல்லவில்லை. வெள்ளவத்தைக்கு வந்து, காலி வீதியில் பஸ் புகைக்கு முகம் கொடுத்து உட்கார்ந்து, உறிஞ்சுகுழலை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் பலூடாவை வழித்துச் சாப்பிட்டார். இன்னொன்று வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அம்மா என்ன கேட்டிருந்தாலும் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

அந்த நிம்மதியில் கௌப்பி வேரை நான் மறந்தே போனேன். தங்கச்சி மறக்கவில்லை. இரண்டொரு நாள் கழித்துக் காலையில் அழைத்தாள். நீல வெளிச்ச நுணுக்குக்காட்டிக்கு எங்கள் முறை வந்துவிட்டதாம், பார்த்துவிட்டாளாம். நான் பாணுக்குச் சம்பல் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கட்டி ஈக்கிற வேர் ஒளிரவே இல்ல. அது பழைய வேர். எங்கட வேர் எல்லாம் பச்சையா ஒளிருது, ஒண்டுலயும் கட்டி இல்ல."

வருடக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் எனக்குத் திரும்பிக் கிடைத்தது. வழக்கமான குரலில், அதாவது நாலு வீட்டுக்கும் கேட்கத்தக்கதாக, "நொடியூல் இல்லையா? ஒண்டும் இல்லையா? கடவுளே!" என்று கத்தினேன்.

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஆருக்கு?" என்று அம்மா கேட்டார்.

"கௌப்பிக்கு அம்மா, கௌப்பிக்கு!"

"அதுதானே" என்றார் அம்மா. கரண்டி மறுபடி சட்டியில் உரசியது. "எனக்கெண்டா இனி நானே சொல்லுவன்."